மந்தமான வயிறும் முடுக்கிவிடும் மாத்திரைகளும்

சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, மேல்வயிறு கனக்கிறது, ஏப்பம் ஏப்பமாக வருகிறது என்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். அட்டையிலிருந்து நாலு கேப்சூலைக் கத்தரித்து, "காலைல வெறும் வயித்துல ஒண்ணு போடுங்கண்ணா, சரியாயிடும்" என்று உறையில் போட்டுத் தருவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'கேஸ் மாத்திரை'. ஆனால் அதற்குள் இருப்பவை இரண்டு மருந்துகள். ஒன்று அமிலச் சுரப்பை அடக்கும் பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோல். மற்றொன்று இரைப்பையின் அசைவைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் டாம்பெரிடோன். சில அட்டைகளில் அந்த இடத்தில் லெவோசல்பிரைடோ இடோபிரைடோ இருக்கும். சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதவை. நடைமுறையில் மிட்டாய் மாதிரிக் கைமாறுகின்றன.

அமிலத்தை அடக்கும் மருந்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே பேச வேண்டியது இரண்டாவதை. வயிற்றை முடுக்கிவிட்டால் அஜீரணம் தீருமா? அறுபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. கிடைத்திருக்கும் பதில், விற்பனையைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்ளும் அளவுக்குத் தெளிவானதல்ல.

பதிலுக்குப் போகும்முன் இரைப்பை என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பை. வேலை என்று வரும்போது மேல்பாதி வேறு, கீழ்ப்பாதி வேறு. சாப்பாடு உள்ளே வந்ததும் மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு லிட்டருக்கு மேல் உணவும் நீரும் போனாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. கீழ்ப்பாதி ஆட்டுக்கல்லின் வேலையைச் செய்கிறது. நிமிடத்துக்கு மூன்று முறை அலை அலையாகச் சுருங்கி, உணவைக் கடைவாசலான பைலோரஸ் வரை தள்ளுகிறது. அந்த வாசல் சுலபத்தில் விடாது. ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்கு நொறுங்கிய துகளை மட்டும் சிறுகுடலுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மறுபடி அரைபடும். தண்ணீரும் மோரும் சீக்கிரம் இறங்கிவிடும். எண்ணெய்ப் பண்டம் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து 'மெதுவாக அனுப்பு' என்று செய்தி வரும். பரோட்டாவும் சால்னாவும் தின்ற இரவில் வயிறு நகராமல் இருப்பது கோளாறல்ல, வயிறு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இதை முதலில் கண்ணால் பார்த்து எழுதியவர் வில்லியம் போமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822-இல் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் விலாவுக்குக் கீழே இரைப்பைக்குள் திறக்கும் ஓட்டை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. போமாண்ட் பட்டு நூலில் இறைச்சித் துண்டையும் ரொட்டித் துண்டையும் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே இறக்கி, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-இல் புத்தகமாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்த நாட்களில் செரிமானம் கெட்டதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அந்த இளைஞரை அவர் நடத்திய விதம் இன்றைக்கு எந்த நெறிக்குழுவிலும் தேறாது.

நிமிடத்துக்கு மூன்று என்ற தாளத்தைப் போடுவது இரைப்பைத் தசைக்குள் பின்னிக் கிடக்கும் ஒருவகைச் செல்கள். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாண்டியாகோ ரமோன் இ கஹால் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. தாளம் அவற்றுடையது என்றாலும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நரம்புகள் சிந்தும் ரசாயனங்கள். அசிட்டைல்கோலின் முடுக்கும். டோபமின் பிரேக் போடும். செரோடோனின், நரம்பு முனையில் உள்ள ஒரு ஏற்பி வழியாக அசிட்டைல்கோலினைக் கூடுதலாகச் சிந்த வைக்கும். மோட்டிலின் என்ற குடல் ஹார்மோன், வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலத்த அலையைக் கிளப்பி மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும். பசித்தால் வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்தக் கூட்டிப்பெருக்கும் சத்தம்தான். ஓயாமல் நொறுக்குத்தீனி போட்டுக்கொண்டே இருப்பவருக்கு இந்த வேலை நடக்கவே வழியில்லை.

வயிற்றை முடுக்கும் மருந்து எதுவானாலும் இந்த நான்கு வழிகளில் ஒன்றில்தான் புகுந்தாக வேண்டும். சிக்கலும் அங்கேயே ஆரம்பிக்கிறது. டோபமினும் செரோடோனினும் வயிற்றுக்கென்று மட்டும் படைக்கப்பட்டவையல்ல. மூளை ஓடுவதும் இவற்றால்தான். மருந்து எங்கே போக வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்ப முடியாது.

1964-இல் பிரான்ஸில் ஜஸ்டின்-பெசான்சோனும் லாவில்லும் மெட்டோகுளோபிரமைடை அறிமுகப்படுத்தினார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் புரோகெய்னமைடு என்ற மருந்தின் வடிவத்தை மாற்றிப் பார்த்ததில் கிடைத்தது அது. வாந்தியை நிறுத்தியது, இரைப்பையை வேகமாகக் காலியாக்கியது. டோபமின் போடும் பிரேக்கை எடுத்துவிடுவதும், செரோடோனின் ஏற்பியைத் தூண்டுவதும் அதன் வேலை முறை. இந்த ஆய்வின் தொடர்ச்சியாகவே அதே பிரெஞ்சு ஆய்வகத்தில் சல்பிரைடு பிறந்தது. அது மனநோய்க்கான மருந்தாக நிலைபெற்றது. வயிற்று மருந்தும் மனநோய் மருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிட்டால் பின்னால் வரப்போகும் தொல்லைகள் எதுவும் புரியாது.

மெட்டோகுளோபிரமைடு மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கம். வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன பதினேழு வயதுப் பெண்ணைச் சில மணி நேரத்தில் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகியிருக்கிறது, கண்கள் மேலே செருகிவிட்டன, நாக்கு வெளியே தள்ளுகிறது. நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது, பயத்தில் அழவும் செய்கிறாள். கூட வந்தவர்களில் ஒருவர் கையில் விபூதிப் பொட்டலம். அனுபவமுள்ள நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "வாந்திக்கு என்ன ஊசி போட்டாங்க?" புரோமெதசின் ஊசி ஒன்று போட்டால் சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். இளவயதினருக்கு வரும் இந்த உடனடித் திருகல் பார்க்கப் பயங்கரம், ஆனால் தீர்ந்துவிடும். பல மாதங்கள் சாப்பிட்ட முதியவர்களுக்கு வரும் வாய்க்கோணல் அப்படியல்ல. உதட்டைச் சப்புவது, தாடையை மெல்லுவது, நாக்கைச் சுழற்றுவது என்று தொடங்கினால் மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குப் போவதே இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் இதற்குக் கறுப்புக் கட்டம் போட்ட உச்ச எச்சரிக்கையை விதித்து, 12 வாரத்துக்கு மேல் தருவதைத் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய அமைப்பு 2013-இல் இன்னும் இறுக்கி, ஐந்து நாள் போதும் என்றது. சாதாரண அஜீரணத்துக்கு இதைத் தரவே வேண்டாம் என்பதும் அதன் முடிவு.

மூளைக்குள் போகாத ஒன்று வேண்டும் என்ற தேடலில் 1974-இல் பெல்ஜியத்தில் ஜான்சென் ஆய்வகம் டாம்பெரிடோனை உருவாக்கியது. மனநோய் மருந்தான ஹாலோபெரிடாலைக் கண்டுபிடித்த அதே பால் ஜான்செனின் கூடம். டாம்பெரிடோன் மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பை அவ்வளவாகத் தாண்டாது. வாந்தியைத் தூண்டும் மையம் அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் வாந்தி மட்டும் நிற்கும், கழுத்து திருகாது. அழகான யோசனை. நீண்ட காலம் இது ஆபத்தில்லாத மருந்து என்றே எல்லோரும் நம்பினார்கள். பிரிட்டனில் அப்போது சீட்டே இல்லாமல் கடையில் வாங்க முடிந்தது.

ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது. எண்பதுகளில் புற்றுநோயாளிகளுக்கு ரத்தக்குழாயில் அதிக அளவு ஏற்றியபோது சிலருக்கு இதயம் நின்றுபோனது, ஊசி வடிவம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மாத்திரைக்கு அந்தக் கவலை இல்லை என்று கருதப்பட்டது. 2010-இல் நெதர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த ஆய்வுகள் மாத்திரை சாப்பிடுவோரிடமும் திடீர் இதய மரண அபாயம் கூடுவதைக் காட்டின. நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனவர்களுக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் அபாயம் அதிகம். 2014-இல் ஐரோப்பா கையைக் கட்டிவிட்டது. குமட்டல் வாந்திக்கு மட்டும், 10 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் மூன்று வேளை, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். உப்புசம், நெஞ்செரிச்சல் எல்லாம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அதே ஆண்டு பிரிட்டனில் சீட்டு கட்டாயமானது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி என்றைக்குமே இருந்ததில்லை.

இந்த இரண்டு மருந்துகளுக்கும் பிறகு வந்துபோன சிசாபிரைடின் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அதுவும் ஜான்செனின் மருந்துதான். டோபமினைத் தொடாமல் செரோடோனின் வழியாக மட்டும் வேலை செய்தது. வாந்தி மையத்தோடு சம்பந்தமில்லை, கழுத்துத் திருகல் இல்லை, இரைப்பை முதல் பெருங்குடல் வரை முடுக்கியது. தொண்ணூறுகளில் நெஞ்செரிச்சல்காரர்கள் முதல் பால் கக்கும் குழந்தைகள் வரை எல்லோருக்கும் எழுதப்பட்டது. ஆனால் அது இதயச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியை அடைத்தது. அடைபட்டால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தயாராவது தாமதமாகும். அந்தத் தாமதத்தில் தாளம் தப்பினால் மயக்கம், சிலசமயம் மரணம். கூடவே எரித்ரோமைசினோ பூஞ்சை மாத்திரையோ சாப்பிட்டால் சிசாபிரைடு கல்லீரலில் கரையாமல் ரத்தத்தில் ஏறிவிடும். 1999 முடிவு வரை அமெரிக்காவில் 341 பேருக்கு இதயத் தாளக் கோளாறும் அவர்களில் 80 பேருக்கு மரணமும் பதிவாகியிருந்தன. 2000 ஜூலையில் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலகியது. இந்தியாவில் தடை வந்தது 2011-இல். நடுவிலிருந்த பதினோரு ஆண்டுகளுக்கு யாரும் விளக்கம் சொன்னதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு புதிய மருந்து எதுவானாலும் அந்தப் பொட்டாசிய வழியை அடைக்கிறதா என்று முதலில் சோதிப்பது உலக வழக்கமாகிவிட்டது. இந்த அஜீரண மருந்தும், இதேபோல இதயத் தாளத்தைக் கெடுத்த அலர்ஜி மருந்தும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் பின்வாங்கிய இடத்தில் ஜப்பான் இறங்கியது. 1995-இல் இடோபிரைடு, 1998-இல் மொசாபிரைடு, 2013-இல் அகோடியாமைடு. மூன்றும் இன்று நம்மூர்க் கடைகளில் கிடைக்கின்றன. மொசாபிரைடு சிசாபிரைடின் வழியில் போகிறது, இதயத்தை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை. இடோபிரைடு டோபமின் பிரேக்கை எடுப்பதோடு அசிட்டைல்கோலின் சிதைவதையும் தடுக்கிறது. அதன் கதைதான் இந்தத் துறையின் சுருக்கம் என்பேன். 2006-இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் நல்ல பலன் என்று ஆய்வு வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இன்னும் பெரிய ஆய்வுகள் நடத்தப்பட்டு 2008-இல் முடிவு வந்தபோது மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தார்களோ!

அகோடியாமைடு கொஞ்சம் தாக்குப்பிடித்தது. கோளாறு எதுவும் கண்ணில் படாத அஜீரணத்துக்கென்றே உலகில் முதலில் அனுமதி பெற்ற மருந்து அது. சாப்பாட்டுக்கு முன் 100 மில்லிகிராம், மூன்று வேளை. ஜப்பானிய ஆய்வில் நாலு வாரத்தில் 'தேவலை' என்று சொன்னவர்கள் 52.2 சதவீதம். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 34.8 சதவீதம். வயிறு கனப்பது, உப்புவது, நாலு வாயிலேயே நிறைந்துவிடுவது மூன்றும் முழுக்கப் போனவர்களை எண்ணினால் 15.3-க்கு 9. அதாவது முழு நிவாரணம் கூடுதலாக ஒருவருக்குக் கிடைக்க பதினாறு பேர் சாப்பிட வேண்டும். இந்தத் துறையில் இதுவே வெற்றி.

ஏன் இவ்வளவு கம்மி? 'மந்தம்' என்று நாம் உணர்வதெல்லாம் மந்தம் அல்ல என்பதே விடை. எண்டோஸ்கோபியில் புண்ணோ கட்டியோ எதுவும் தெரியாமல், மாதக்கணக்கில் மேல்வயிற்றுத் தொல்லை இருந்தால் அதைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறார்கள். ரோம் குழு என்ற சர்வதேச நிபுணர் கூட்டம் 2006-இல் இதை இரண்டாகப் பிரித்தது. சாப்பிட்டதும் கனப்பது, சீக்கிரம் நிறைவது ஒரு வகை. மேல்வயிற்றில் வலிப்பது, எரிவது இன்னொரு வகை. இப்படிப்பட்டவர்களை அளந்து பார்த்தால் உண்மையிலேயே இரைப்பை மெதுவாகக் காலியாவது நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைக்கும்தான். பெல்ஜியத்தின் லூவனில் யான் டாக் குழுவினர் 1998-இல் காட்டியபடி சுமார் 40 சதவீதத்தினருக்கு மேல்பாதி இரைப்பை தளர்ந்து இடம் கொடுப்பதில்லை. உணவு சேரும் முன்பே அங்கே நெருக்கடி. வேறு சிலருக்கு எல்லாம் சரியாக இருக்கும், நரம்பு மட்டும் கூருணர்வோடு இருக்கும். இரைப்பைக்குள் பலூனை ஊதினால் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாத அளவிலேயே இவர்களுக்கு வலி வந்துவிடும். தளர மறுக்கும் வயிற்றையும் கூருணர்வுள்ள வயிற்றையும் 'வேகமாக ஓடு' என்று விரட்டுவதில் என்ன லாபம்?

வேகமும் நிவாரணமும் சேர்ந்து போகின்றனவா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். 2013-இல் வந்த தொகுப்பு இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றது. 2019-இல் வந்தது, தரமான முறையில் அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் தொடர்பு தெரிகிறது என்றது. நம் சமையலறைக்குப் பக்கத்து உதாரணம் ஒன்று தைவானிலிருந்து கிடைக்கிறது. 2011-இல் 11 அஜீரணக்காரர்களுக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடியைக் கொடுத்து சூப் குடிக்கவைத்து அளந்தார்கள். பாதி வயிறு காலியாக எடுத்த நேரம் 16.1 நிமிடத்திலிருந்து 12.3 ஆகக் குறைந்தது. இஞ்சி நிஜமாகவே முடுக்குகிறது! தொல்லை குறைந்ததா என்று கேட்டால், இல்லை. பதினோரு பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்த சித்த மருத்துவத்தின் பஞ்ச தீபாக்கினிச் சூரணத்துக்கும் ஓமத் தண்ணீருக்கும் பெரிய அளவில் ஒப்பீட்டு ஆய்வு நடத்தினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஜெர்மானியர்கள் தங்கள் ஒன்பது மூலிகைச் சாற்றுக்கு அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தது காக்ரேன் அமைப்பின் 2018 அறிக்கை. 29 ஆய்வுகள், சுமார் பத்தாயிரம் பேர். ஏழு பேருக்கு முடுக்கும் மருந்து கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன். ஆனால் ஆதாரத்தின் தரம் 'மிகமிகக் குறைவு' என்பதும் அந்த அறிக்கையின் வார்த்தையே. அன்றாட வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியோடு நம்மூர்க் கேப்சூலுக்குத் திரும்பினால் பல இடங்களில் உதைக்கிறது. சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் தொல்லைக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் தரவேண்டிய மருந்தை, காலையில் ஒரே தடவையாக 30 மில்லிகிராம், மெல்லக் கரையும் வடிவில் தருகிறோம். ஒரு வாரம் என்று ஐரோப்பா சொன்னதை வருடக்கணக்கில் சாப்பிடுகிறோம். கூட்டுச் சேர்த்த ஜோடியும் பொருத்தமானதல்ல. அமிலத்தை அடக்கும் மருந்தை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையும் என்று அமெரிக்க அமைப்பு 2011-இல் எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்தால் இதயத் தாளம் தப்பும் வாய்ப்பு ஏறும். அதே கேப்சூலுக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாம்பெரிடோனுக்கும் அதே பழக்கம். மேலே காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு ஒண்டான்செட்ரான் என்று ஒரே சீட்டில் சேர்ந்துவிட்டால் நாலு மருந்துமே ஒரே திசையில் இழுக்கும். இளைஞருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். எழுபது வயதில், இதயம் பலவீனமாகி நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டல்ல.

'நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது, அதனால்தான் விடமுடியவில்லை' என்பார்கள். அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு டென்மார்க்கில் எட்டு வாரம் அமில அடக்கி கொடுத்து நிறுத்தினார்கள். 44 சதவீதத்தினருக்குப் புதிதாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வந்தன. மாவு மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம். அடக்கி வைத்த சுரப்பிகள் கொஞ்ச நாள் துள்ளும். அதை நோய் திரும்பியதாக நினைத்து மறுபடி அட்டை வாங்குகிறோம்.

லெவோசல்பிரைடு விஷயம் இன்னும் கவலை தருவது. மேலே சொன்ன சல்பிரைடின் பாதி வடிவம் அது. அமெரிக்காவில் கிடையாது. இங்கே 75 மில்லிகிராம் அமில அடக்கியோடு சேர்ந்து தினசரி கேப்சூலாக ஓடுகிறது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவருக்குக் கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது, முகத்தில் உணர்ச்சி இல்லை என்று நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பார்க்கின்சன் மாதிரியே இருக்கிறது. பழைய சீட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பச் சொல்லிப் பார்த்தால் ஒன்றரை வருடமாக 'கேஸ் மாத்திரை'. நிறுத்தினால் பல பேருக்குச் சில மாதங்களில் நடுக்கம் குறைகிறது, சிலருக்கு மிச்சம் நின்றுவிடுகிறது. இந்திய, கொரிய நரம்பியல் இதழ்களில் இப்படிப்பட்ட நோயாளிகள் ஏராளம். சீட்டைப் பார்க்காத டாக்டரிடம் போய்விட்டால் நடுக்கத்துக்கு லெவோடோபா ஆரம்பிக்கப்படும், அது குமட்டலைத் தரும், குமட்டலுக்கு இன்னொரு வயிற்று மாத்திரை வரும். இளம்பெண்களுக்கு வேறு கோலம். மாதவிலக்கு தள்ளிப்போகும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும். டாம்பெரிடோனுக்கும் இந்தக் குணம் உண்டு. அதைப் பால் சுரக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கா 2004-இலேயே எச்சரித்தது.

அப்படியானால் முடுக்கும் மருந்து யாருக்குமே வேண்டாமா? வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பும் கஹால் செல்களும் பழுதாகி, இரவு சாப்பிட்ட சோறு காலையில் அப்படியே வாந்தியாக வரும் இரைப்பைவாதம் இருக்கிறதே, அது உள்ளவர்களுக்கு வேண்டும். 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமில்லை. இதைக் கண்டுபிடிக்க இரைப்பை காலியாகும் ஸ்கேன் இருக்கிறது. மேலைநாட்டு முறைப்படி முட்டை வெள்ளைக்கருவில் சிறிதளவு கதிரியக்க டெக்னீசியத்தைக் கலந்து வேகவைத்து, ரொட்டி, ஜாமோடு சாப்பிடச் சொல்வார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்து சதவீதத்துக்கு மேல் வயிற்றில் நின்றால் இரைப்பை மெதுவாக ஓடுகிறது என்று பொருள். முட்டை சாப்பிடாதவர்கள் நிறைந்த நம் நாட்டில் இட்லியில் டெக்னீசியம் கலந்து இதையே செய்து பார்த்திருக்கிறார்கள். இட்லிக்குக் கிடைத்த மரியாதைகளில் இதுவும் ஒன்று! சோதனைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது முக்கியம். ரத்தச் சர்க்கரை எகிறியிருந்தால் நல்ல வயிறும் மெதுவாகத்தான் ஓடும். பல நேரம் சர்க்கரையைக் குறைத்தாலே பாதி வாந்தி நின்றுவிடும்.

இவர்களுக்கு மெட்டோகுளோபிரமைடைக் குறைந்த அளவில், குறைந்த காலம், கண்காணித்துத் தருகிறார்கள். எரித்ரோமைசினும் உண்டு. கிருமியைக் கொல்லத் தரும் அந்தப் பழைய மாத்திரை, மோட்டிலின் வாசலைத் தட்டித் திறக்கிறது என்பதை 1990-இல் லூவன் குழுவே சர்க்கரை நோயாளிகளிடம் காட்டியது. மூன்று நான்கு வாரத்தில் உடம்பு பழகிப்போய் பலன் மங்கிவிடும். ஆனால் ரத்த வாந்தியோடு வருபவருக்கு எண்டோஸ்கோபிக்கு முன் ஒரு ஊசி போட்டு வயிற்றைத் துடைத்துக் காலியாக்க இதைவிட நல்ல கையாள் இல்லை. மருந்துக்கு அடங்காதவர்களுக்குப் பைலோரஸ் தசையை எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டிவிடும் சிகிச்சை வந்துவிட்டது, ஹைதராபாத்திலும் செய்கிறார்கள். ஆனாலும் இந்த நோய்க்கும் செயல்பாட்டு அஜீரணத்துக்கும் நடுவே கோடு போடுவது சுலபமல்ல. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 48 வாரம் கழித்து மறுபடி அளந்தபோது பத்தில் நாலு பேர் ஒரு பெயரிலிருந்து மற்றதற்கு மாறியிருந்தார்கள்.

மீதிப் பேருக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, மருத்துவம் வேறு இடத்தில் தொடங்குகிறது. முதலில் ஹெலிகோபாக்டர் கிருமிச் சோதனை. பெர்த் நகரின் மார்ஷலும் வாரனும் இதைக் கண்டுபிடித்து 2005-இல் நோபல் வாங்கினார்கள். கிருமி இருந்து அதை ஒழித்தால் சுமார் பதினாலு பேரில் ஒருவருக்கு அஜீரணம் நிலையாகத் தீருகிறது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் இரண்டு வாரச் சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது. அடுத்து, கூருணர்வு நரம்புகளைத் தணிக்கும் மருந்துகள். 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வில் அமிட்ரிப்டிலின் 53 சதவீதத்தினருக்குப் போதுமான நிவாரணம் தந்தது, மாவு மாத்திரை 40. முக்கியமாக, இரைப்பை மெதுவாக ஓடியவர்களுக்கு அது பலன் தரவில்லை, வலியும் எரிச்சலும் உள்ளவர்களுக்கே தந்தது. 'எனக்கு மனநோய் மாத்திரையா கொடுக்கிறீங்க' என்று கோபித்துக்கொண்டு போகிறவர், வழியில் வாங்கும் லெவோசல்பிரைடும் அந்தக் குடும்பம்தான் என்று அறிய மாட்டார். எண்ணெயைக் குறைத்து, ஒரே மூச்சில் சாப்பிடுவதை இரண்டாகப் பிரித்து, படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று மணி இடைவெளி விடுவது எவருக்கும் கெடுதலில்லை.

சீட்டில்லாமல் கேப்சூல் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து பக்கவிளைவு அல்ல, தாமதம். எடை குறைவது, சாப்பாடு தொண்டையில் அடைப்பது, கறுப்பாக மலம் போவது, ரத்தச் சோகை இருந்தால் முதல் வேலை எண்டோஸ்கோபி. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வரும் 'கேஸ்' வியர்வையோடும் மூச்சிரைப்போடும் வந்தால் முதல் வேலை ஈசிஜி. இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால் வலி மேல்வயிற்றில்தான் தெரியும், ஏப்பமும் வாந்தியும்கூட வரும். சோடா குடித்து, மாத்திரை போட்டுப் படுத்துப் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது காற்று எதிர்த் திசையில் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025-இலிருந்து இந்தியாவிலும் பரவலாகிவிட்டன. பசியை அடக்குவதோடு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும் அவற்றின் வேலை. ஊசி போட்டுக்கொண்டவர் நாலு கவளத்தில் வயிறு நிறைந்து, குமட்டலோடு கடைக்கு வந்து நின்றால் கை தன்னாலே டாம்பெரிடோன் அட்டைக்குப் போகிறது. ஒரு மருந்து பிரேக்கை அழுத்த, இன்னொன்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறது. அளவைக் குறைப்பதும் மெல்ல ஏற்றுவதும்தான் அங்கே சரியான சிகிச்சை. மயக்க மருந்து நிபுணர்களுக்கு வேறொரு தலைவலி. முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்து அறுவை சிகிச்சைக்கு வந்தவரின் இரைப்பையில் சாப்பாடு மிச்சமிருக்கிறது, மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023 ஜூனில் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. பிறகு அது ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கலாம் என்று தளர்ந்தது. ஆபரேஷன் தேதி குறிக்கும்போது பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று பட்டியல் சொல்பவர்கள் 'ஊசி எடைக்குத்தானே' என்று அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான்.